முகம் மாறிய மாயம்

ஆய்வுக்கூடத்தில் ஓர் இளம் டாக்டர் நிற்கிறார். தாம் தயாரித்த மருந்தைக் கையில் எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிடுகிறார். எதிரே இருக்கும் நிலைக்கண்ணாடியில் அவர் முகம் தெரிகிறது. நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த முகம் மாறத் தொடங்குகிறது. கண்களைச் சுற்றிக் கருமை படர்கிறது. கன்னத்தில் கோடுகள் எழுகின்றன. பார்க்கப் பயமாக இருக்கிறது.

1931-ல் ஹாலிவுட்டின் பாராமவுண்ட் நிறுவனம் தயாரித்த ‘டாக்டர் ஜெக்கிலும் மிஸ்டர் ஹைடும்’ என்னும் கறுப்பு வெள்ளைப் படத்தில் வருகிறது இந்தக் காட்சி. நல்லவரான டாக்டர் ஜெக்கில், மருந்தின் வலிமையால் ஹைடு என்னும் கொடியவனாக மாறுவதே கதை. ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1886-ல் வெளியிட்ட குறுநாவலைத் தழுவியது இது.

முகம் மாறும் காட்சிகள் அதற்கு முன்பும் திரையில் வந்தது உண்டு. காமிராவை நிறுத்துவார்கள், நடிகருக்குச் சிறிது ஒப்பனை செய்வார்கள், மீண்டும் காமிராவை ஓட்டுவார்கள். ஒரு படம் மங்கி மறைய, அடுத்த படம் அதன்மேல் தோன்றும். கூர்ந்து பார்த்தால் இணைப்பு தெரிந்துவிடும். ஆனால் இந்தப் படத்தில், மாற்றத்தின் முதல் கட்டத்தில் இணைப்பே இல்லை. காமிரா நிற்கவில்லை. படச்சுருள் வெட்டப்படவில்லை. ஒப்பனைக்காரர் யாரும் அருகில் வரவும் இல்லை. பின் முகம் எப்படி மாறியது?

படத்தின் இயக்குநர் ரூபன் மமூலியன் இந்த இரகசியத்தைப் பல ஆண்டுகள் வெளியே சொல்லவில்லை. ஆனால் உங்கள் பாடப்புத்தகத்தில் ‘ஒளி’ என்னும் பாடத்தை நன்றாகப் படித்திருந்தால், இந்தக் கட்டுரையை முடிப்பதற்குள் நீங்களே அதைக் கண்டுபிடித்துவிடலாம். அதற்கு முன் இந்த மாயத்தைச் செய்த ஒளிப்பதிவாளரைத் தெரிந்துகொள்வோம். அவர் பெயர் கார்ல் ஸ்ட்ரஸ்.

மாலை வகுப்பு மாணவர்

ஸ்டீவன்சனின் கதை வெளிவந்த அதே 1886-ஆம் ஆண்டில்தான் ஸ்ட்ரஸ் நியூயார்க் நகரில் பிறந்தார். ஜெர்மானிய வழிக் குடும்பம். இளமையிலேயே தந்தையின் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். ஆயினும் புகைப்படக் கலையின்மீது தீராத ஆர்வம். பகலெல்லாம் தொழிற்சாலை வேலை. மாலையில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் புகைப்பட வகுப்பு. அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் கிளாரன்ஸ் ஒயிட் என்னும் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர்.

அந்தக் காலத்தில் ஒரு விவாதம் நடந்துகொண்டிருந்தது. புகைப்படம் என்பது வெறும் இயந்திரம் எடுக்கும் நகலா? அல்லது ஓவியத்தைப் போல் அதுவும் ஒரு கலையா? கலைதான் என்று வாதிட்ட ஆல்ஃபிரெட் ஸ்டீக்ளிட்ஸ் ஒரு குழுவை அமைத்திருந்தார். 1912-ல் ஸ்ட்ரஸையும் அக்குழுவில் சேர்த்துக்கொண்டார்.

ஓவியம் போன்ற படம் வேண்டுமானால் எல்லாம் கூர்மையாகத் தெரியக்கூடாது. ஒரு மென்மை வேண்டும் என்று இவர்கள் கருதினார்கள். இந்த மென்மையை எப்படிப் பெறுவது? இங்கேதான் ஸ்ட்ரஸின் பௌதிக அறிவு கைகொடுத்தது.

குறையையே குணமாக்கிய லென்ஸ்

ஒரு குவிலென்ஸின் வழியே சூரிய ஒளியைச் செலுத்தினால் அது ஒரு புள்ளியில் குவியும் என்று படித்திருக்கிறீர்கள். உண்மையில் அது ஒரே புள்ளி அன்று. வெள்ளை ஒளியில் பல நிறங்கள் உள்ளன. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஒவ்வொரு நிறத்திற்கும் சற்று வேறுபடும். நீல ஒளி அதிகம் விலகும். சிவப்பு ஒளி குறைவாக விலகும். எனவே நீலம் லென்ஸுக்கு அருகிலும் சிவப்பு சற்றுத் தொலைவிலும் குவியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரண கிரௌன் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் நீலத்திற்கு ஏறத்தாழ 1.522, சிவப்புக்கு 1.514. மஞ்சள் ஒளியில் 30 செ.மீ. குவியத் தூரம் கொண்ட ஒற்றை லென்ஸை எடுத்துக்கொண்டால், நீலம் குவியும் இடத்திற்கும் சிவப்பு குவியும் இடத்திற்கும் இடையே சுமார் அரை செ.மீ. வேறுபாடு வரும். இதை நிறப்பிறழ்ச்சி என்கிறோம். லென்ஸின் ஓரத்தில் நுழையும் கதிர்களும் நடுவில் நுழையும் கதிர்களும் வெவ்வேறு இடங்களில் குவிவது கோளப்பிறழ்ச்சி. நல்ல காமிரா லென்ஸ் செய்பவர்கள் இருவகைக் கண்ணாடிகளைச் சேர்த்தும், பல லென்ஸ்களை அடுக்கியும் இந்த இரு குறைகளையும் போக்க அரும்பாடு படுவார்கள்.

ஸ்ட்ரஸ் இதற்கு நேர்மாறாகச் சென்றார். பிறழ்ச்சிகளைத் திருத்தாத ஒற்றை லென்ஸ் ஒன்றை 1909-ல் வடிவமைத்தார். அதில் விழும் பிம்பத்தின் உள்ளே ஒரு கூர்மையான உருவம் இருக்கும். அதைச் சுற்றி, சரியாகக் குவியாத கதிர்கள் மெல்லிய ஒளிப்புகையாகப் படரும். துவாரத்தைச் சிறிதாக்கினால் ஓரக் கதிர்கள் தடைபட்டுப் படம் கூர்மையாகும், பெரிதாக்கினால் மென்மையாகும். எவ்வளவு மென்மை என்பது புகைப்படக்காரரின் கையில்! ‘ஸ்ட்ரஸ் பிக்டோரியல் லென்ஸ்’ என்ற பெயரில் அது பின்னர் விற்பனைக்கும் வந்தது.

1914-ல் ஸ்ட்ரஸ் நியூயார்க்கில் சொந்தமாகப் புகைப்பட நிலையம் தொடங்கினார். பெயரும் வந்தது. ஆனால் விரைவில் ஒரு சோதனை காத்திருந்தது.

போரும் பழியும்

1917-ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. ஸ்ட்ரஸ் இராணுவத்தில் சேர்ந்தார். விமானத்திலிருந்து படம் எடுக்கும் கலையில் தம் திறமை நாட்டுக்குப் பயன்படும் என்பது அவர் எண்ணம். ஆனால் அவருடைய ஜெர்மானிய வழிப் பெயரும், போருக்கு முன் அவர் பேசிய சில பேச்சுக்களும் சந்தேகத்தை உண்டாக்கின. இராணுவ உளவுத் துறை அவரைப் பற்றி விசாரணை நடத்தியது. அவர் பதவி இறக்கப்பட்டார். காமிராவைப் பிடித்த கை, கன்சாஸ் மாநிலத்தில் ஓர் இராணுவச் சிறையில் காவல் வேலை பார்க்க நேர்ந்தது.

1919-ல் மதிப்புடன் விடுவிக்கப்பட்டாலும் பழைய நண்பர்களிடையே அவர் பெயர் கெட்டிருந்தது. அவர் நியூயார்க்கில் தொடரவில்லை. நாட்டின் மறுகோடியில் உள்ள லாஸ் ஏஞ்சல்ஸுக்குச் சென்றார். அங்கே புகழ்பெற்ற இயக்குநர் செசில் பி. டெமில், அசையாப் படங்கள் எடுக்கும் புகைப்படக்காரராக அவரை வேலைக்கு வைத்துக்கொண்டார். விரைவில் ஸ்ட்ரஸ் திரைப்படக் காமிராவின் பின்னால் நின்றார். அப்போது அவருக்கு வயது 32. ஒரு தொழிலில் பெயர் எடுத்தபின், வேறொரு தொழிலை அடியிலிருந்து தொடங்கினார்.

சிவப்பைக் காணாத படச்சுருள்

இனி நம் இரகசியத்திற்கு அருகில் வருவோம். அக்காலத்துப் படச்சுருளுக்கு ஒரு வினோதமான குறை இருந்தது. அதற்குச் சிவப்பு தெரியாது!

படச்சுருளின்மேல் வெள்ளி புரோமைடு போன்ற உப்புக்களின் நுண்ணிய படிகங்கள் ஜெலட்டினில் கலந்து பூசப்பட்டிருக்கும். ஒளி பட்ட படிகங்கள், பிறகு உருத்துலக்கும் கரைசலில் கறுப்பு வெள்ளியாக மாறும். ஆனால் எந்த ஒளியும் இதைச் செய்துவிடாது. அலைநீளம் குறைந்த நீல, ஊதா ஒளியின் ஃபோட்டான்களுக்கு ஆற்றல் அதிகம். அவை வெள்ளி புரோமைடைத் தாக்கி மாற்றத்தை உண்டாக்கும். பச்சையும் சிவப்பும் அதற்குப் போதா.

1873-ல் ஜெர்மானிய வேதியியலார் ஹெர்மன் வோகல் ஒரு வழி கண்டார். பூச்சில் சிறிது சாயம் கலந்தால், அந்தச் சாயம் உட்கவரும் ஒளிக்கும் படிகம் இணங்குகிறது! இதனால் பச்சையும் மஞ்சளும் பதிவாயின. இவ்வகைச் சுருள் ‘ஆர்த்தோகுரோமாட்டிக்’ எனப்பட்டது. ஹாலிவுட்டின் ஆரம்ப காலப் படங்கள் பெரும்பாலும் இதில்தான் எடுக்கப்பட்டன.

ஆனால் சிவப்பு இன்னும் பதிவாகவில்லை. இதன் விளைவுகளைப் பாருங்கள். நடிகையின் சிவந்த உதடு திரையில் கறுப்பாகத் தெரியும். நீலக் கண்கள் வெளுத்துப் போகும். நீல வானம் வெறும் வெள்ளைத் தாளாகும். அதில் மிதக்கும் வெண்மேகம் காணாமல் போகும். இதில் ஒரு வசதியும் உண்டு. சிவப்பு விளக்கை ஏற்றிவைத்துக்கொண்டு அந்தச் சுருளைக் கழுவலாம்.

எல்லா நிறங்களுக்கும் இணங்கும் சுருளுக்குப் ‘பான்குரோமாட்டிக்’ என்று பெயர். அமெரிக்காவின் கோடாக் நிறுவனம் திரைப்படத்திற்கான இத்தகைய சுருளை 1913-லேயே தனியாகச் செய்து கொடுத்தது. 1922 முதல் வழக்கமான விற்பனைக்கும் கொண்டுவந்தது. 1920-களின் இறுதியில் ஹாலிவுட் முழுவதும் இதற்கு மாறியது.

விளக்கும் இதற்கு ஒரு காரணம். 3200 கெல்வின் வெப்பநிலையில் ஒளிரும் டங்ஸ்டன் இழை விளக்கை எண்ணிப் பாருங்கள். வீனின் விதிப்படி அதன் உச்சக் கதிர்வீச்சு சுமார் 900 நானோமீட்டரில், அதாவது அகச்சிவப்புப் பகுதியில் அமைகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் சிவப்பே மிகுதி. சிவப்பைக் காணாத சுருளுக்கு இந்த விளக்கால் பயன் குறைவு. புதிய சுருளுக்கோ அது மிகவும் பொருத்தமானது. பேசும் படம் வந்தபோது, இரைச்சலிடும் கார்பன் வில் விளக்குகளுக்குப் பதில் ஓசையற்ற இழை விளக்குகள் தேவைப்பட்டன. எனவே புதிய சுருளும் புதிய விளக்கும் கைகோத்து வந்தன.

செய்து பாருங்கள்

இப்போது ஒரு சிறு சோதனை. வெள்ளைத் தாளில் வெளிர்சிவப்புப் பென்சிலால் ஒரு முகம் வரையுங்கள். நெற்றியில் கோடுகள், கண்ணைச் சுற்றி வளையம் என்று விருப்பம்போல் தீட்டுங்கள். பிறகு சிவப்பு நிறக் கண்ணாடித் தாளைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து அதைப் பாருங்கள். படம் அநேகமாக மறைந்துவிடும். அடுத்துப் பச்சைக் கண்ணாடித் தாளின் வழியே பாருங்கள். அதே கோடுகள் கருமையாகத் தெரியும்!

காரணம் எளிது. வெள்ளைத் தாள் எல்லா நிறங்களையும் பிரதிபலிக்கிறது. சிவப்புக் கோடு சிவப்பை மட்டும் பிரதிபலிக்கிறது. சிவப்பு வடிகட்டியின் வழியே சிவப்பு ஒளி மட்டுமே வருகிறது. தாளும் கோடும் சமமாகவே சிவப்பை அனுப்புவதால் வேறுபாடு தெரிவதில்லை. பச்சை வடிகட்டியில் பச்சை ஒளி மட்டுமே வருகிறது. தாள் பச்சையை அனுப்புகிறது. சிவப்புக் கோடு அனுப்பவில்லை. எனவே அது கறுப்பு.

வகுப்பில் இதைச் செய்து காட்டும்போது மாணவர்கள் ஒன்றைக் கேட்பார்கள்: “ஐயா, தாள் முழுவதும் சிவப்பாகவோ பச்சையாகவோ தெரிகிறதே! திரையில் அப்படித் தெரியாதா?” நல்ல கேள்வி. கறுப்பு வெள்ளைப் படச்சுருள் எவ்வளவு ஒளி வந்தது என்பதை மட்டுமே பதிவு செய்கிறது. எந்த நிறத்தில் வந்தது என்பதை மறந்துவிடுகிறது. அந்த மறதியில்தான் நம் மாயம் ஒளிந்திருக்கிறது.

தொழுநோய் குணமாகிறது

1925-ல் வெளிவந்த ‘பென்-ஹர்’ என்னும் மாபெரும் படத்தில் பணியாற்றிய ஒளிப்பதிவாளர்களுள் ஸ்ட்ரஸும் ஒருவர். அதில் கதாநாயகனின் தாயும் தங்கையும் தொழுநோயால் வருந்துகிறார்கள். அவர்கள் அற்புதமாகக் குணமடைய வேண்டும். நம் கண்ணெதிரே புண்கள் மறைய வேண்டும்.

ஸ்ட்ரஸ் நடிகையரின் முகத்தில் சிவப்புச் சாயத்தால் புண்களைத் தீட்டச் செய்தார். லென்ஸின் முன் பச்சை வடிகட்டி இருந்தபோது புண்கள் கறுத்துத் தெரிந்தன. பிறகு மெல்ல மெல்லச் சிவப்பு வடிகட்டியை நகர்த்திக் கொண்டுவந்தார். புண்கள் மங்கி மறைந்தன. சிவப்புக்கு இணங்கும் பான்குரோமாட்டிக் சுருள் இல்லாவிட்டால் இது நடந்திராது என்பதைக் கவனியுங்கள். பழைய சுருளில் சிவப்பு வடிகட்டியைப் போட்டால் படமே பதிவாகியிராது.

நிலவொளியில் நடந்த காமிரா

1927-ல் வந்த ‘சன்ரைஸ்’ என்ற ஊமைப்படம் ஸ்ட்ரஸுக்குப் பெரும் புகழைத் தந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த முர்னௌ இயக்குநர். ஒளிப்பதிவில் சார்லஸ் ரோஷரும் ஸ்ட்ரஸும் இணைந்து உழைத்தனர்.

ஒரு காட்சியில் கதாநாயகன் இரவில், சதுப்பு நிலத்தில் வளைந்து வளைந்து நடக்கிறான். தரையில் தண்டவாளம் போட்டால் அது படத்தில் தெரிந்துவிடும். ஆகவே தண்டவாளத்தை மேலே அமைத்து, அதிலிருந்து காமிராவைத் தொங்கவிட்டு அவனைப் பின்தொடர்ந்தார்கள்.

அப்படத்தின் நகரக் காட்சிகளிலும் ஓர் ஒளியியல் தந்திரம் உண்டு. ஒரு பொருள் நம் கண்ணில் ஏற்படுத்தும் கோணத்தைக் கொண்டே அதன் தொலைவை மதிப்பிடுகிறோம். தொலைவு இரு மடங்கானால் கோணம் ஏறத்தாழப் பாதியாகும். எனவே பின்னால் இருக்கும் கட்டடங்களைச் சிறியனவாகக் கட்டி, அங்கே உருவத்தில் சிறிய மனிதர்களை நடக்கவிட்டால், சிறிய இடமும் பரந்த நகரமாகத் தோன்றும். முர்னௌவின் குழு அப்படியே செய்தது.

1929 மே 16-ல் முதன்முதலாக ஆஸ்கார் பரிசுகள் வழங்கப்பட்டன. ஒளிப்பதிவுக்கான முதல் பரிசு ‘சன்ரைஸ்’ படத்திற்காக ரோஷருக்கும் ஸ்ட்ரஸுக்கும் கிடைத்தது. பத்து ஆண்டுகளுக்கு முன் சந்தேகத்தின் நிழலில் ஊரைவிட்டு வந்தவர், தம் கலையின் உச்சத்தை அடைந்தார்.

ஹைடின் முகம்

இப்போது டாக்டர் ஜெக்கிலுக்குத் திரும்புவோம். நீங்கள் விடையைக் கண்டுபிடித்திருப்பீர்கள். நடிகர் ஃபிரெட்ரிக் மார்ச்சின் முகத்தில் ஹைடின் நிழல்களும் கோடுகளும் முன்பே வண்ணச் சாயத்தால் தீட்டப்பட்டிருந்தன. படப்பிடிப்புத் தளத்தில் நின்றவர்களுக்கு அவை நன்றாகத் தெரிந்தன. ஆனால் காமிராவின் முன் அதே நிற வடிகட்டி இருந்தவரை படச்சுருளுக்கு அவை தெரியவில்லை. நடிகர் துடித்து நடிக்க நடிக்க, ஸ்ட்ரஸ் வடிகட்டியின் நிறத்தை மாற்றினார். மறைந்திருந்த ஹைடு வெளியே வந்தான்! ‘பென்-ஹர்’ படத்தில் புண்ணை மறைத்த அதே வித்தை, இங்கே திசை மாறிக் கோரத்தை வெளிக்கொண்டு வந்தது.

கேட்க எளிது, செய்வது எளிதன்று. இரண்டு வடிகட்டிகளும் வெவ்வேறு அளவு ஒளியைத் தடுக்கும். அதைச் சரிக்கட்டாவிட்டால் நடுவில் காட்சி முழுவதும் இருண்டு அல்லது வெளுத்துவிடும். மனிதத் தோலே சற்றுச் சிவப்புக் கலந்தது. எனவே ஒப்பனையின்றியும் வடிகட்டிக்குத் தக்கபடி முகத்தின் வெளிச்சம் மாறும். நடிகரின் சட்டையோ பின்னால் தொங்கும் திரைச்சீலையோ சிவப்பாக இருந்தால் அதுவும் சேர்ந்து மாறி இரகசியத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். வடிகட்டியை நகர்த்தும்போது அதன் விளிம்பு படத்தில் கோடாக விழக்கூடாது. இத்தனையையும் எண்ணிப் பார்த்தால்தான் அந்தச் சில விநாடிகளின் அருமை விளங்கும்.

இந்த வித்தைக்கு எல்லையும் உண்டு. வடிகட்டியால் நிழலையும் கோட்டையும் கொண்டுவர முடியும்; கோரைப் பல்லையும் அடர்ந்த உரோமத்தையும் கொண்டுவர முடியாது. அவற்றுக்குப் பழைய முறையிலேயே ஒப்பனையை மாற்றி மாற்றிப் படம்பிடித்து, ஒன்றுக்குள் ஒன்றாகக் கரையச் செய்தார்கள். இப்படத்திற்காக மார்ச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் பரிசு பெற்றார். ஸ்ட்ரஸின் பெயரும் ஒளிப்பதிவுப் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

வண்ணம் வந்தது, வித்தை போனது

1935-ல் ‘பெக்கி ஷார்ப்’ என்ற படம் வந்தது. மூவண்ண டெக்னிகலர் முறையில் எடுக்கப்பட்ட முதல் முழுநீளக் கதைப்படம் இதுவே. இயக்கியவர் யார் தெரியுமா? ஜெக்கிலை இயக்கிய அதே மமூலியன்! வண்ணப் படச்சுருள் நிறத்தை மறப்பதில்லை. அதில் சிவப்பு ஒப்பனை சிவப்பாகவே தெரியும். வடிகட்டியைப் போட்டால் காட்சி முழுவதும் நிறம் மாறும். சுருளின் மறதியை நம்பிச் செய்த வித்தை வண்ணப் படத்தில் செல்லாது.

ஆனால் ஸ்ட்ரஸ் ஓய்ந்துவிடவில்லை. சாப்ளினின் ‘தி கிரேட் டிக்டேட்டர்’ (1940), ‘லைம்லைட்’ (1952) ஆகிய படங்களில் பணிபுரிந்தார். 1958-ல் வந்த ‘தி ஃபிளை’ என்னும் வண்ணப் படத்தில், மனிதன் ஈயாக மாறும் கதைக்கும் அவரே ஒளிப்பதிவாளர். இளமையில் கண்டுபிடித்த லென்ஸிலிருந்து அகலத்திரை வண்ணப் படம்வரை ஒளியோடு வாழ்ந்த அவர் 1981-ல் தமது 95-ஆம் வயதில் காலமானார்.

உங்களுக்கு ஒரு கேள்வி

கைப்பேசிக் காமிராவில் கறுப்பு வெள்ளைப் படம் எடுக்கும் வசதி இருக்கிறது அல்லவா? அதன் லென்ஸின் முன் சிவப்புக் கண்ணாடித் தாளையும் பிறகு பச்சைத் தாளையும் பிடித்து, நண்பன் கன்னத்தில் சிவப்புச் சாயத்தால் இட்ட கோட்டைப் படம் எடுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டிலேயே ஜெக்கில் ஹைடாக மாறுவான்.

இனிக் கேள்வி. நண்பனின் முகத்தில் சிவப்புக்குப் பதில் பச்சைச் சாயத்தால் கோடு போடுகிறீர்கள். அதை மறைக்க எந்த நிறத் தாள் வேண்டும்? வெளிப்படுத்த எந்த நிறம் வேண்டும்? தோலின் நிறத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். தாளில் வரைந்தபோது இல்லாத ஒரு சிக்கல் இங்கே இருக்கிறது. முதலில் யோசித்து விடையை எழுதி வைத்துவிட்டு, பிறகு சோதனை செய்து சரிபாருங்கள்.